இரண்டு லைன், ஒரே வரிசை: பாண்டிங்கில் பாக்கெட் ஒழுங்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துத் தருவது என் வேலை. ஒரு லைன் போதவில்லை என்று இரண்டாவது லைன் வாங்கி, இரண்டையும் ஒன்றாகக் கட்டிய (இதுதான் பாண்டிங்) பலரும் கொஞ்ச நாளில் திரும்பக் கூப்பிடுகிறார்கள். கேட்பதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்களின் வாக்கிலேயே அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பவை.

அனுப்பின வரிசையிலதானே பாக்கெட் வந்து சேரும்? இதுல என்ன பிரச்சினை?

நெட்வொர்க்கில் தரவு பாக்கெட் எனும் சிறு பொட்டலங்களாகத்தான் போகும். ஒரே கம்பியில் போகும்வரை பெரும்பாலும் அப்படித்தான் வரும். முதலில் நுழைந்தது முதலில் வெளியே வந்துவிடும். ஆனால் பாக்கெட்டை முகவரி பார்த்துக் கொண்டுபோகும் ஐபி நெறிமுறை அப்படியொரு உறுதியை எப்போதும் தந்ததில்லை. பாக்கெட் தொலையலாம், இரண்டு முறை வரலாம், முன்பின்னாக வரலாம். அதன் மேலே இருக்கும் டிசிபி நெறிமுறைதான் ஒவ்வொரு பைட்டுக்கும் எண் போட்டு, மறுமுனையில் அடுக்கிக் கொடுக்கிறது.

லைன் இரண்டானால் சாலையும் இரண்டாகிவிடும். ஒரு சாலையில் கிளம்பிய 4-ஆம் பாக்கெட்டை, இன்னொரு சாலையில் பின்னால் கிளம்பிய 5, 6, 7 முந்திவிடலாம். எந்தச் சாலையும் பழுதில்லை, எந்தப் பாக்கெட்டும் தொலையவில்லை. ஆனாலும் வரிசை கலைந்துவிட்டது.

100 எம்பிபிஎஸ் லைன் ரெண்டு போட்டிருக்கேன். ஸ்பீடு டெஸ்ட்ல 200 காட்டுது, ஒரு ஃபைல் இறக்கினா 100-ஐத் தாண்ட மாட்டேங்குது. ஏமாத்துறாங்களா?

இல்லை. ஸ்பீடு டெஸ்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறக்கும். அவற்றில் பாதி இந்த லைனிலும் பாதி அந்த லைனிலும் போனால் கூட்டுத்தொகை 200. ஃபைலை இறக்கும்போது பெரும்பாலும் திறப்பது ஒரே டிசிபி இணைப்பு. உங்கள் ரவுட்டர் ஓர் இணைப்பை ஒரு லைனிலேயே வைத்திருக்கும். வேறுவழியும் இல்லை: இரண்டு லைனுக்கும் வெளி ஐபி முகவரி வேறு வேறு, இணைப்பின் நடுவில் முகவரி மாறினால் எதிர்முனை சர்வர் அதை அந்நியனாகத்தான் பார்க்கும்.

அலுவலகத்துக்குள்ளே ஸ்விட்ச்சோடு இரண்டு கேபிளைக் கட்டும்போதும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. 2000-இல் வந்த ஐஇஇஇ 802.3ஏடி விதி (2008-இல் 802.1ஏஎக்ஸ் என்ற பெயருக்கு மாறியது) ஓர் உரையாடலின் ஃபிரேம்கள் வரிசை மாறக்கூடாது என்று கேட்கிறது. அதற்கு அது எடுத்த வழி எளிமையானது: ஒரே உரையாடலை ஒரே கேபிளில் அனுப்பு. கலைத்துவிட்டு அடுக்குவதற்குப் பதில், கலைக்கவே கலைக்காதே. அதன் விலைதான் நீங்கள் பார்க்கும் 100.

லோட் பேலன்சிங், பாண்டிங் ரெண்டும் ஒன்னுதானே?

விற்பவர்கள் ஒன்று போலத்தான் பேசுவார்கள். இணைப்புகளை லைன்களுக்குப் பங்கிடுவது லோட் பேலன்சிங். ஒரே இணைப்பின் பாக்கெட்டுகளையே பல லைன்களுக்குப் பங்கிட்டு, மறுமுனையில் மீண்டும் ஒன்றாக்குவதைத்தான் இந்தப் பக்கத்தில் பாண்டிங் என்கிறேன். லினக்ஸில் பாண்டிங் என்ற டிரைவரின் பல முறைகள் முதல் வகையையே செய்கின்றன என்பது வேறு குழப்பம். வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: "மறுமுனையில் சேர்த்துக் கொடுக்கும் பெட்டி இருக்கிறதா?" இல்லை என்றால் அது லோட் பேலன்சிங்.

எந்த இணைப்பு எந்த கேபிள்னு யார் முடிவு பண்றது? எனக்கு எல்லாமே ஒரே கேபிள்லதான் போகுது.

பாக்கெட்டின் தலைப்பில் உள்ள முகவரிகளை ஒரு ஹாஷ் கணக்கில் போட்டு, வரும் எண்ணை வைத்து கேபிளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரே முகவரிகளுக்கு எப்போதும் ஒரே விடை வருவதால் வரிசை கெடாது. லினக்ஸில் எதுவும் சொல்லாமல் விட்டால் மேக் முகவரிகளை (நெட்வொர்க் கார்டுகளின் வன்பொருள் முகவரிகள்) வைத்துத்தான் கணக்கு. உங்கள் போக்குவரத்து முழுவதும் ஒரே ரவுட்டர் வழியாக வெளியே போனால், மேக் ஜோடி எப்போதும் ஒன்றுதான். கேபிளும் ஒன்றுதான். உங்களுக்கு நடப்பது அநேகமாக இதுவே.

ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் சேர்த்துப் பார்க்கும் 'லேயர்3+4' முறைக்கு மாற்றினால் நன்றாகப் பரவும். ஒரு சின்னக் குறை உண்டு. துண்டாக்கப்பட்ட பாக்கெட்டுகளில் போர்ட் எண் பயன்படாது. அதே இணைப்பின் முழுப் பாக்கெட் ஒரு கேபிளிலும் துண்டு இன்னொன்றிலும் போகலாம். அதனால்தான் இந்த முறை 802.3ஏடி விதிக்கு முழுக்கப் பொருந்தாது என்று லினக்ஸ் கையேடே சொல்கிறது. நான் இதைத்தான் போடுகிறேன். இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

ஒன்னு இந்த கேபிள்ல, அடுத்தது அந்த கேபிள்ல, மாத்தி மாத்தி அனுப்பிட்டா முடிஞ்சுதே?

லினக்ஸில் அதற்குப் பெயர் 'பேலன்ஸ்-ஆர்ஆர்'. அந்த டிரைவரின் முறைகளில் ஒரே டிசிபி இணைப்பைப் பல கேபிள்களில் பரப்புவது அது ஒன்றுதான். இரண்டு கேபிளும் ஒரே வேகம், ஒரே நீளம், அப்புறம் எப்படி வரிசை மாறும் என்று நானும் நினைத்தேன். பேக்கப் சர்வருக்கும் ஸ்டோரேஜ் பெட்டிக்கும் நடுவே ஸ்விட்ச் வைத்து இரண்டு 1 ஜிபிபிஎஸ் கேபிளை அப்படிக் கட்டினேன். பேக்கப் முன்னைவிடக் கொஞ்சம்தான் சீக்கிரம் முடிந்தது. மறுபடி அனுப்பிய பாக்கெட்டுகளின் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

காரணம் சின்னச் சின்ன விஷயங்கள். 1500 பைட் பாக்கெட் 1 ஜிபிபிஎஸ்-இல் ஏற 12 மைக்ரோசெகண்ட் ஆகும். சின்னப் பாக்கெட்டுக்கு அதில் துளிதான். பெரியதன் பின்னால் அடுத்த கேபிளில் கிளம்பிய சின்னது முந்திவிடும். அதோடு, நெட்வொர்க் கார்டு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ப்ராசசரைக் கூப்பிடாமல் சிலவற்றைச் சேர்த்து வைத்து ஒரேயடியாகக் கொடுக்கும். இரண்டு கார்டும் கட்டுக்கட்டாகக் கொடுக்கும்போது 1, 3, 5, 7 முதலிலும் 2, 4, 6, 8 அப்புறமும் வருவது சகஜம். இன்னொன்று, மாற்றி மாற்றி அனுப்புவது சர்வர் மட்டும்தான். ஸ்விட்ச் தன் பக்கத்திலிருந்து ஹாஷ் போட்டு ஒரே கேபிளில்தான் திருப்பித் தரும். ஆக மறுமுனைக்கும் அந்த ஸ்விட்ச்சுக்கும் நடுவே வேகம் கூடவே இல்லை.

வரிசை மாறினா டிசிபி அடுக்கிக்குமே. வேகம் ஏன் குறையணும்?

அடுக்கிக்கொள்ளும். ஆனால் அதற்குள் ஒரு தப்பான முடிவுக்கு வந்துவிடும். முதல் கேள்வியில் சொன்ன 4-ஆம் பாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 5 வந்ததும் பெறுபவர் "4 வேண்டும்" என்கிறார். 6 வந்ததும் "4 வேண்டும்". 7 வந்ததும் "4 வேண்டும்". ஒரே பதில் மூன்று முறை திரும்ப வந்தால் பாக்கெட் தொலைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது டிசிபியின் பழைய வழக்கம். அனுப்புபவர் 4-ஐ மறுபடி அனுப்புவார். அதோடு நெரிசல் என்று பயந்து வேகத்தையும் ஏறக்குறையப் பாதியாக்குவார். தாமதமாக வந்துகொண்டிருந்த அசல் 4 அடுத்த நொடியே வந்து நிற்கும்.

இன்றைய டிசிபி அவ்வளவு அவசரக்குடுக்கை இல்லை. எது எது வந்தது என்று துல்லியமாகச் சொல்லும் சாக் 1996-இல் வந்தது. "இதை இரண்டு முறை அனுப்பிவிட்டீர்கள்" என்று சொல்லும் டி-சாக் 2000-இல் வந்தது. 2021-இல் ஆர்எஃப்சி 8985 ஆக (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை வெளியிடும் ஆவண வரிசை) வெளியான ராக் முறை, எத்தனை பாக்கெட் முந்தியது என்று எண்ணுவதை விட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கிறது. வரிசை மாறுவது தெரிந்தால், போய்வரும் நேரத்தில் கால் பங்கு பொறுமையோடு தொடங்கி, தேவைப்பட்டால் கூட்டிக்கொள்ளும். ஒரே அறைக்குள் சில மைக்ரோசெகண்ட் கலைந்தால் இது நன்றாகவே தாங்கும். ஃபைபரும் 4ஜியும் போல பத்துப் பத்து மில்லிசெகண்டாக விலகினால் தாங்காது.

'டிசிபி_ரீஆர்டரிங்' மதிப்பை ஏத்திவிட்டா சரியாயிடும்னு படிச்சேன்.

மேலே சொன்ன மூன்று என்ற எண்ணைத்தான் லினக்ஸின் அந்த அமைப்பு மாற்றுகிறது. லினக்ஸ் கலைப்பைக் கண்டால் தானாகவே 300 வரை ஏற்றிக்கொள்ளும். கையால் ஏற்றலாம், ஆனால் அது அனுப்பும் பக்கத்தில் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் ஃபைல் இறக்கும்போது அனுப்புபவர் எங்கோ இருக்கும் சர்வர்; அதில் உங்களால் கைவைக்க முடியாது. இரு முனையும் உங்களுடையது என்றால் முயன்று பாருங்கள், உண்மையிலேயே தொலைந்த பாக்கெட் தாமதமாகத்தான் தெரியவரும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு.

அப்போ வரிசையை எங்க உட்கார்ந்து சரி பண்றாங்க?

இரு லைனும் மறுபடி ஒன்றுசேரும் இடத்தில். அதற்காகத்தான் மறுமுனைப் பெட்டி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். உங்கள் ரவுட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் ஓர் உறைக்குள் போட்டு, உறைமேல் தன் சொந்த வரிசை எண்ணை எழுதி, இரண்டு லைனிலும் அனுப்பும். டேட்டா சென்டரிலோ வாடகை சர்வரிலோ இருக்கும் பெட்டி உறைகளை எண்படி அடுக்கி, பிரித்து, இணையத்தில் விடும். எதிர்முனை சர்வருக்கு ஒரே முகவரி, ஒழுங்கான வரிசை; நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. இப்படி உறைக்குள் போட்டு அனுப்பும் பாதைக்குப் பெயர் டன்னல்.

யோசனை பழையது. ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் தொலைபேசி லைன் காலத்தில் 64 கேபிபிஎஸ் சேனல் இரண்டைக் கட்டி 128 ஆக்கினார்கள். அதற்கான மல்டிலிங்க் பிபிபி 1994-இல் வந்து, 1996-இல் ஆர்எஃப்சி 1990 ஆகத் திருத்தப்பட்டது. 64 கேபிபிஎஸ் லைனில் 1500 பைட் பாக்கெட் ஏறவே கிட்டத்தட்ட 188 மில்லிசெகண்ட் பிடிக்கும் என்பதால், பாக்கெட்டைத் துண்டாக்கி இரண்டு சேனலிலும் ஏற்றினார்கள். துண்டு ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணோடு 'தொடக்கம்', 'முடிவு' என்று இரண்டு அடையாள பிட்டும் இருந்தன. டிஎஸ்எல்லையும் (தொலைபேசிக் கம்பி இணையம்) எல்டிஇயையும் (4ஜி) சேர்க்க 2017-இல் வெளியான ஆர்எஃப்சி 8157-இலும் இதே எண் போட்ட உறைதான், ஜிஆர்இ டன்னலுக்குள்.

வராத பாக்கெட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?

இந்தத் தொழிலின் நெஞ்சு இதுதான். 5, 6, 7 கையில் இருக்கிறது, 4 இல்லை. 4 வழியில் இருக்கிறதா, செத்துப்போனதா? பெட்டிக்குத் தெரியாது. சீக்கிரம் கைவிட்டால் கலைந்த வரிசையே வெளியே போகும், பாண்டிங் போட்டும் பயனில்லை. ரொம்ப நேரம் வைத்திருந்தால், தொலைந்த ஒரு பாக்கெட்டுக்காக நூறு பாக்கெட் வாசலில் நிற்கும்.

மல்டிலிங்க் பிபிபியில் கடிகாரம் பார்க்காமலே முடிவெடுக்க ஓர் அழகான வழி இருந்தது. ஒவ்வொரு சேனலும் தனக்குள் வரிசை மாற்றாது. ஆகவே எல்லாச் சேனல்களிலும் 4-ஐ விடப் பெரிய எண் வந்துவிட்டது என்றால், 4 இனி எந்த வழியிலும் வர முடியாது, தொலைந்தது உறுதி. ஒரு சேனல் சும்மா கிடந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாட்டிக்கொள்ளும், அதிலிருந்து எண்ணே வராதே. அப்போது வெறும் தலைப்பு மட்டும் உள்ள காலித் துண்டை அனுப்பி அதைக் கலகலக்க வைக்கலாம். எனக்கு இந்த ஏற்பாடு இன்றும் பிடிக்கும்.

இணையத்தின் மேல் ஓடும் டன்னலில் ஒவ்வொரு லைனும் தனக்குள்ளேயே வரிசை மாற்றலாம். அதனால் கடிகாரம் கட்டாயம். லைன்களின் தாமத வித்தியாசம், அதன்மேல் மெதுவான லைனின் தாமதம் எவ்வளவு ஊசலாடுகிறதோ அவ்வளவு: இதுதான் நான் தொடங்கும் அளவு. ஒருமுறை அளந்து எழுதிவைத்துவிட்டுப் போகாதீர்கள். காலை 6 மணிக்கு 4ஜி காட்டும் தாமதமும் இரவு 9 மணிக்குக் காட்டுவதும் ஒன்றல்ல.

பஃபர் எவ்வளவு வைக்கணும்? பெரிசா வச்சா நல்லதுதானே?

பஃபர் என்பது பாக்கெட்டுகளைக் காத்திருக்க வைக்கும் நினைவக இடம். கணக்குப் போட்டே பார்ப்போம். ஃபைபர் 50 எம்பிபிஎஸ், ஒருவழித் தாமதம் 10 மில்லிசெகண்ட். 4ஜி 20 எம்பிபிஎஸ், தாமதம் 50. வித்தியாசம் 40 மில்லிசெகண்ட். 4ஜியில் வரும் பாக்கெட்டுக்காகக் காத்திருக்கும் அந்த 40 மில்லிசெகண்டில் ஃபைபர் 20 லட்சம் பிட், அதாவது 250 கேபி கொண்டுவந்து கொட்டும். 1500 பைட் பாக்கெட்டாக எண்ணினால் ஏறத்தாழ 167. இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள், கடைசிக் கேள்வியில் திரும்ப வரும்.

நினைவகம் மலிவு, 250 கேபி ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பஃபரில் இருப்பவை காத்திருக்கும் பாக்கெட்டுகள். 4ஜி நிரம்பி அதன் தாமதம் 300-க்கு ஏறினால், பெரிய பஃபர் அந்த 300-ஐ ஃபைபரில் வந்த பாக்கெட்டுகளுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடும்.

ஃபைபரோட 4ஜியைச் சேர்த்ததும் முன்னைவிட மெதுவாயிடுச்சே, எப்படி?

மேலே சொன்னதுதான். கல்யாணப் பந்தியில் ரசமும் மோரும் வாளியோடு வந்து நிற்கின்றன, சாம்பார் இன்னும் சமையல்கட்டில். முறைப்படிதான் பரிமாறுவேன் என்றால் பந்தி முழுவதும் சாம்பாரின் வேகத்தில்தான் நகரும்.

இதற்கு மருந்து அனுப்பும் பக்கத்தில் இருக்கிறது. சமமாகப் பங்கிடாமல் வேகத்துக்கேற்பப் பங்கிடுங்கள். மேலே சொன்ன லைன்களுக்கு 5-க்கு 2. இன்னும் நல்லது, ஃபைபர் நிரம்பிய பிறகு வழிவதை மட்டும் 4ஜிக்குக் கொடுப்பது. ஆர்எஃப்சி 8157 முறையிலும் டிஎஸ்எல்தான் முதலில், மிஞ்சியதுதான் எல்டிஇக்கு. இதனால் ஓய்வான நேரத்தில் 4ஜிக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

எம்பிடிசிபி வந்தாச்சே, இந்தத் தொல்லை எல்லாம் போயிடுச்சா?

பாதி போயிற்று. ஒரே டிசிபி இணைப்பைப் பல லைன்களில் ஓட்டும் எம்பிடிசிபி 2013-இல் ஆர்எஃப்சி 6824 ஆக வந்தது. அதே ஆண்டு ஐஓஎஸ் 7-இல் ஆப்பிள் தன் சிரிக்கு இதைப் பயன்படுத்தியது. திருத்திய பதிப்பு 2020-இன் ஆர்எஃப்சி 8684. லினக்ஸ் மூலக் கெர்னலில் 5.6 முதல் உண்டு. இதில் இரண்டு அடுக்கு எண். ஒவ்வொரு லைனிலும் தனி டிசிபி போல ஓட்டையில்லாத எண். முழுத் தரவுக்கும் பொதுவாக இன்னோர் எண். தொலைந்ததா என்று ஒவ்வொரு லைனும் தன் எண்ணை வைத்துத் தனியாக முடிவு செய்வதால், லைன்களுக்கிடையே வரிசை மாறியதைப் பார்த்து 'தொலைந்தது' என்று ஏமாறும் சிக்கல் இல்லை. வழியில் உள்ள ஃபயர்வாலும் எண்ணில் ஓட்டை பார்த்து மிரளாது.

போகாத பாதி: பந்தியில் காத்திருப்பது அப்படியே இருக்கிறது, பெறும் கணினிக்குள் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதோடு இரு முனையும் எம்பிடிசிபி பேச வேண்டும், இல்லையேல் நடுவில் ப்ராக்ஸி வைக்க வேண்டும். டிசிபி போல எண் போட்டு அடுக்காத யூடிபி நெறிமுறைக்கு இது உதவாது.

வீடியோ கால் எல்லாம் யூடிபிதானே, அதுக்கு வரிசை எதுக்கு?

வேண்டும், ஆனால் அதை அந்தச் செயலியே பார்த்துக்கொள்ளும். குரலும் படமும் போகும் ஆர்டிபி பாக்கெட்டில் 16 பிட் வரிசை எண் இருக்கிறது. பெறுபவர் சின்ன ஜிட்டர் பஃபர் வைத்து அடுக்கிக்கொள்வார். தாமதமாக வந்த பாக்கெட்டை வீசிவிட்டு மேலே போவார். அதற்கு முன்னால் நீங்களும் ஒரு பஃபர் வைத்து அடுக்கினால் தாமதம்தான் இரட்டிப்பாகும்.

வீடியோ காலை ஒரே லைனில் வையுங்கள், முடிந்தது. அறுபடவே கூடாத கால் என்றால் ஒரே பாக்கெட்டை இரண்டு லைனிலும் அனுப்பி, முதலில் வந்ததை எடுத்துக்கொள்ளும் முறை உண்டு. அலைவரிசை இரட்டிப்பாகச் செலவாகும், ஆனால் குரலுக்கு அது பெரிய தொகை இல்லை.

வரிசை எண் தீர்ந்துபோனா?

பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். 16 பிட்டில் 65,536 எண்கள். 1 ஜிபிபிஎஸ்-இல் பெரிய பாக்கெட்டாக அனுப்பினாலே ஒரு நொடிக்குள், சுமார் 0.8 நொடியில், ஒரு சுற்று முடிந்துவிடும். அதனால் "எது பெரிய எண்" என்று நேரடியாக ஒப்பிடக்கூடாது. கழித்து, வித்தியாசம் பாதிச் சுற்றுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொந்தமாக டன்னல் நிரல் எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

வரிசை மாறுதா, நிஜமாவே தொலையுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெறும் பக்கத்தில், பாக்கெட்டுகளைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க் நிரலைப் போட்டுப் பிடியுங்கள். அசல் பாக்கெட்டும் மறுபடி அனுப்பியதும் இரண்டுமே வந்து சேர்ந்தால் அது தொலைந்ததல்ல, தாமதம். லினக்ஸ் அனுப்பும் பக்கத்தில் 'எஸ்எஸ் -டிஐ' கட்டளை ஓர் இணைப்புக்கு 'ரீஆர்டரிங்' என்று 3-ஐ விடப் பெரிய எண் காட்டினால், அங்கே வரிசை கலைந்ததை டிசிபி கவனித்திருக்கிறது. வேகம் அளக்கும் ஐபெர்ஃப் நிரலின் யூடிபி சோதனையும் வரிசை மாறி வந்தவற்றைத் தனியாக எண்ணிச் சொல்லும். ஒரு லைனைப் பிடுங்கிவிட்டு அதே சோதனையை ஓட்டிப் பாருங்கள். பாதிச் சந்தேகம் அப்போதே தீரும்.

லைன் ரெண்டும் சுத்தமா இருக்கு. ஆனா விபிஎன் போட்டதும் பாக்கெட் காணாம போகுது. ஏன்?

விபிஎன் எறிகிறது. பழைய பாக்கெட்டை யாராவது பிடித்து வைத்து மறுபடி அனுப்பி ஏமாற்றாமலிருக்க, விபிஎன்கள் பயன்படுத்தும் ஐபிசெக் நெறிமுறை ஒரு ஜன்னல் வைத்திருக்கிறது. இதுவரை வந்த பெரிய எண்ணிலிருந்து அந்த ஜன்னலுக்கு வெளியே பின்தங்கி வருவதைப் பார்க்காமலே தள்ளிவிடும். ஆர்எஃப்சி 4303 பரிந்துரைக்கும் இயல்பு அளவு 64 பாக்கெட். ஓபன்விபிஎன்னிலும் யூடிபிக்கு இயல்பு 64 தான். நாம் போட்ட கணக்கில் ஃபைபர் 167 பாக்கெட் முந்திவிடுகிறது. ஆக வரிசை சரிசெய்யாத பாண்டில் விபிஎன் ஓடினால், 4ஜியில் போன பாக்கெட் பத்திரமாக வந்து சேர்ந்து, வாசலிலேயே சாகும். லைனைச் சோதித்தால் எதுவும் தெரியாது.

ஜன்னலைப் பெரிதாக்கலாம், கருவி அனுமதித்தால் 1024 வையுங்கள். அதைவிட நல்லது அடுக்கை மாற்றுவது: பாண்டிங் டன்னல் வெளியே, விபிஎன் அதற்குள்ளே. அப்படி இருந்தால் விபிஎன் முன்னால் போய் நிற்பதற்குள் பாக்கெட்டுகள் அடுக்கப்பட்டுவிடும். ஹாஷ் வைத்துப் பிரிக்கும் கேபிள்களில் விபிஎன்னை ஓட்டினால் இந்தத் தொல்லை வராது, வேறொன்று வரும்: உள்ளே ஐம்பது இணைப்பு இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே முகவரி ஜோடி. ஐம்பதும் ஒரே கேபிளில் போகும், இன்னொன்று சும்மா மினுக்கிக்கொண்டிருக்கும்.